யானைமலையில் பழகிய கால்கள் பாலைப் பள்ளத்தாக்கில் ஏறலாமா?

கேட்கப்பட்ட கேள்வி: "மதுரையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக நம் ஊர்ப் பக்கத்துக் குன்றுகளில் நண்பர்களோடு கயிறு கட்டி ஏறிப் பழகியிருக்கிறேன். வரும் பங்குனியில் அமெரிக்காவில் லாஸ் வேகஸில் இருக்கும் அண்ணன் வீட்டில் மூன்று வாரம் தங்கப் போகிறேன். ரெட் ராக் பள்ளத்தாக்கில் பாறை ஏறவும், ஸையான் பள்ளத்தாக்கில் நடக்கவும் ஆசை. மதுரை வெயிலைப் பார்த்தவனுக்கு அங்கத்திய வசந்த காலம் ஒரு பொருட்டே இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? எப்படித் தயாராவது?"

தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. வெயிலை உங்கள் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நாட்டில் மலையேறுபவரை விழவைப்பது பெரும்பாலும் வெயில் மட்டும் இல்லை; தண்ணீர். உடம்பிலிருந்து நமக்குத் தெரியாமலே போய்விடும் தண்ணீர், பாறைக்குள் ஊறிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் தண்ணீர், எங்கோ பெய்து குறுகிய பள்ளத்தாக்குக்குள் வந்து சேரும் தண்ணீர். பாலைநிலம் என்று பெயர் வைத்துவிட்டதால் அங்கே தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டியது குடிப்பதற்கு மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நெவாடாவில் வேலைபார்த்த காலத்தில் எட்டு வசந்தங்கள் அந்தப் பாறைகளில் ஏறியிருக்கிறேன்; இப்போது ஒத்தக்கடையில், மொட்டைமாடிக்குப் போனால் யானைமலை முழுதும் தெரிகிற ஒரு வீட்டில் இருக்கிறேன். இரண்டு பாறைகளையும் அறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பருவத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய வசந்தம் என்பது மார்ச், ஏப்ரல், மே. நம் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. லாஸ் வேகஸில் மார்ச் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 21 பாகை செல்சியஸ், ஏப்ரலில் 26, மே மாதத்தில் 30-ஐத் தாண்டும். ரெட் ராக் அந்த நகரத்துக்கு மேற்கே சுமார் 27 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் இன்னும் சற்றுக் குளிராகவே இருக்கும். கேட்பதற்குக் கொடைக்கானல் போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் காலை 6 மணிக்குக் கையுறை இல்லாமல் பாறையைத் தொட முடியாது. பகல் 1 மணிக்கு அதே பாறையில் சட்டையைக் கழற்றத் தோன்றும். மாலையில் காற்று எழுந்தால் மறுபடி நடுங்குவீர்கள். வசந்த காலம்தான் அங்கே காற்றுக் காலமும்கூட. உயரத்தில் இருக்கும்போது கீழே கயிறு பிடிப்பவர் கத்துவது காதில் விழாத அளவுக்கு அடிக்கும். ஆகவே கயிற்றை இழுத்துச் சைகை செய்வதை முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் மதுரைக்காரர் ஒருவர் புதிதாகக் கற்க வேண்டியது நிழலைப் பற்றிய கணக்கு. நாம் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே இருக்கிறோம். சித்திரை பிறக்கும்போது உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது; அப்போது எந்தப் பாறைச் சுவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி நிழல் கிடையாது. ரெட் ராக் 36 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே போகும். ஆகையால் தெற்குப் பார்த்த சுவர் மார்ச் மாதத்தில் இதமாக இருக்கும், மே மாதத்தில் அடுப்பாக மாறும். வடக்குப் பார்த்த சுவர் மார்ச் மாதத்தில் நாள் முழுக்கக் குளிர்ந்தே கிடக்கும். ஐஸ் பாக்ஸ் கேன்யன் என்று அங்கே ஒரு பள்ளத்தாக்குக்கே பெயர் இருக்கிறது, பெயருக்கு ஏற்பவே இருக்கும். நீங்கள் போகிற பங்குனியில், காலையில் கலிக்கோ குன்றுகளின் வெயில் படும் பக்கத்தில் தொடங்குவது நல்லது. எந்த வழியில் ஏறலாம் என்று தேடும்போது அது எவ்வளவு கடினம் என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இப்போது உடம்பின் தண்ணீர். நம் ஊரில் ஏறும்போது சட்டை நனைந்து முதுகில் ஒட்டும், நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரியும். அதுவே நமக்கு மணியடிப்பது போல. அங்கே வசந்தத்துப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் பல நாட்களில் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடுகிறது. டர்ட்டில்ஹெட் என்ற சிகரத்துக்கு நான் முதல்முறை போனபோது, சுமார் 600 மீட்டர் ஏற்றம், மூன்று மணி நேரம் நடந்தும் சட்டை உலர்ந்தே இருந்தது. "நமக்கு வியர்க்கவே இல்லையே, உடம்பு நன்றாகப் பழகிவிட்டது" என்று மகிழ்ந்துபோய் ஒரு லிட்டர் தண்ணீரோடு மேலே போய்விட்டேன். இறங்கும்போது தலைவலி தொடங்கியது. காருக்கு வந்து பையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன்: பையின் தோள்பட்டைகள் அழுத்திய இடங்களில் கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள், உப்பளப் பாத்தியின் வரப்பு மாதிரி. உடம்பிலிருந்து போனது அத்தனையும் அங்கே எழுதியிருந்தது.

ஆகவே தாகத்தை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். அரை மணிக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். முழுநாளுக்கு ஒருவருக்கு நான்கு லிட்டர் கொண்டுபோவது அங்குள்ள வழக்கம். உயரமான சுவரில் ஏறும்போது இந்தச் சுமை கசக்கும், ஆனாலும் குறைக்க வேண்டாம். அதே அளவு முக்கியம் உப்பு. வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டலும் குழப்பமும் வரும். கடுமையானால் வலிப்பு வரை போகும். வெப்பத்தால் வரும் மயக்கம் என்று தவறாக எண்ணி மேலும் தண்ணீர் கொடுத்து ஆளைக் கெடுத்துவிடுவதும் உண்டு. உப்புக்கடலையோ, உப்பும் காரமும் சேர்ந்த வேறு தின்பண்டமோ பையில் இருக்கட்டும். இரவில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள். அந்த வறட்சியில் விரல்நுனித் தோல் பிளந்துவிடும்; பிளந்த விரலோடு மணற்கல்லைப் பிடிப்பது வெட்டுக்காயத்தில் உப்புத்தாளைத் தேய்ப்பது போன்றது.

இனி, நான் உங்களிடம் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது பாறையைப் பற்றி. யானைமலையும் கீழவளவும் அரிட்டாபட்டியும் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான கடினப் பாறைகள். பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகியவை. மழை பெய்தால் வழுக்கும், அவ்வளவுதான். வெயில் அரைமணி நேரம் அடித்தால் மறுபடி ஏறலாம். நம் கால்களும் கைகளும் இந்தப் பாறையிடம்தான் பாடம் படித்திருக்கின்றன. ரெட் ராக் அப்படி இல்லை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் முழுக்க மணல்மேடுகளாக இருந்தது. காற்று கொண்டுவந்து குவித்த அந்த மணல் புதைந்து, மணிகளுக்கு இடையே சுண்ணப் பொருளும் இரும்புத் துருவும் களிமண்ணும் படிந்து, ஒட்டிக்கொண்டு கல்லானது. அந்த இரும்புத் துருதான் சிவப்பு நிறம். சுவரில் சாய்வாக ஓடும் கோடுகளைப் பார்த்தால் பழைய மணல்மேட்டின் சரிவு அப்படியே தெரியும். அதாவது நீங்கள் பிடித்துத் தொங்கப்போவது ஒட்டவைத்த மணல். உலர்ந்திருக்கும் வரை அந்த ஒட்டு மிக உறுதியானது. ஈரம் ஏறினால் தளர்ந்துவிடும்.

நம் வீட்டில் இருக்கும் அச்சுவெல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த வெல்லத்தை உடைக்க அம்மிக்குழவி வேண்டும். மழைக்காலத்தில் நசநசத்துப் போன வெல்லம் விரல் அழுத்தத்திலேயே உதிர்கிறது. அதை இரண்டு நாள் வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து இறுகும், உள்ளே இன்னும் இளகியே இருக்கும். மணற்கல்லும் அதே போலத்தான், மேலே முதலில் காய்கிறது. என் இரண்டாவது வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்க மழை பெய்தது. சனிக்கிழமை வீட்டில் இருந்துவிட்டு, ஞாயிறு காலை நல்ல வெயிலைக் கண்டு கிளம்பினேன். பாறை வெளிர்நிறத்தில் உலர்ந்து தெரிந்தது. கையால் தடவினால் பொடி ஒட்டியது, ஈரம் தெரியவில்லை. கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் அடித்திருக்கும் ஆணிகளில், அதாவது போல்ட்டுகளில், மூன்றாவதற்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு தட்டையான பிடியில் எடையைப் போட்டேன். சத்தமே இல்லை. கையில் அந்தத் தட்டு அப்படியே வந்துவிட்டது. நான்கு மீட்டர் விழுந்து, சுவரில் மோதி, கணுக்கால் பிசகிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது பிடி உடைந்த இடம் கண்ணுக்கு நேரே இருந்தது. சுற்றிலும் வெளிர் ரோஜா நிறம். உடைந்த வடுவில் மட்டும் கருஞ்சிவப்பு, தண்ணீர்ப்பானைக்கு அடியில் இருக்கும் மண்ணைப் போல. விரலை வைத்தால் சில்லென்று இருந்தது.

கணுக்கால் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. அந்தப் பிடி இனி வரப்போவதில்லை. எனக்குப் பின்னால் அந்த வழியில் ஏறும் ஒவ்வொருவரும் அது இல்லாமல்தான் ஏற வேண்டும். இன்றுவரை எனக்கு வருத்தம் தருவது அதுதான். ஆகையால் மழைக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம், கனமழையானால் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அங்குள்ள ஏறுநர்கள் வைத்திருக்கும் வழக்கத்தை நீங்களும் கைக்கொள்ளுங்கள். சோதிக்கும் முறை ஒன்று உண்டு: பாறையைத் தடவிப் பார்ப்பதைவிட, அடிவாரத்து மண்ணை இரண்டு மூன்று விரற்கடை தோண்டிப் பாருங்கள். மண்ணுக்குள் ஈரம் இருந்தால் பாறைக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று பொருள். மூன்று வாரம்தானே இருக்கிறோம், ஒரு நாளை வீணாக்குவதா என்று மனம் அடித்துக்கொள்ளும். அன்றைக்கு நடக்கப் போங்கள், அல்லது லாஸ் வேகஸைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் பாறைகளுக்குப் போங்கள். சுண்ணாம்புக்கல் ஈரத்தால் இப்படி வலுவிழப்பதில்லை. ரெட் ராக்கிலேயே சிவப்புப் பாறைக்கு மேலே சாம்பல்நிற மலை உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். அது சிவப்புப் பாறையைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்த சுண்ணாம்புக்கல். பூமியின் மேலோடு நெருக்குண்டபோது, சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இளைய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூத்தது மேலே, இளையது கீழே என்ற அந்தத் தலைகீழ் அடுக்கு ஒரே பார்வையில் தெரிகிற இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

ஏறும் முறையும் மாறும். நம் மொட்டைப் பாறைகளில் உள்ளங்கால் முழுவதையும் சாய்வில் அழுத்தி, உராய்வை நம்பி நடக்கிறோம். கைக்கு வேலை குறைவு. அங்கே சிறு சிறு விளிம்புகளில் கால்நுனியை வைத்து, விரலால் பற்றி ஏற வேண்டும். நீண்ட வழிகள் பலவற்றில் வெடிப்புக்குள் கையை நுழைத்து, உள்ளே கையை அகட்டி இறுக்கி ஏறுவது முக்கியம். பாறைமேல் பளபளவென்று கருமையாகப் படிந்திருக்கும் இரும்பு, மாங்கனீசுப் படலம் உள்ள இடங்களில் மேற்பரப்பு உறுதியாக இருக்கும். அது இல்லாத வெளிர்ந்த பகுதிகளில் பிடியைத் தட்டிப்பார்த்து, டொக்கென்று ஓசை வந்தால் விட்டுவிடுங்கள். இந்தப் பழக்கத்துக்கு இங்கிருந்தே தயாராக ஒரு வழி இருக்கிறது. கர்நாடகத்தில் பாகல்கோட் மாவட்டத்துப் பாதாமியில் செம்மணற்கல் சுவர்களில் போல்ட் அடித்த வழிகள் உள்ளன. தை மாதத்தில் நான்கைந்து நாள் அங்கே போய் வந்தால், யானைமலையில் ஆறு மாதத்தில் கிடைக்காத பயிற்சி கிடைக்கும்.

கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்தவைதான். 70 மீட்டர் கயிறு, ஹெல்மெட், இறங்கும்போது கயிற்றின் நுனியில் கட்டாயம் ஒரு முடிச்சு. கடின அளவைக் குறிக்கும் முறை மட்டும் வேறு. அங்கே 5.6, 5.9, 5.10 என்று போகும், 5.10 என்பது 5.9-க்கு அடுத்தது; அதை 5.1-க்குச் சமம் என்று எண்ணிவிடாதீர்கள். பாதாமியில் பிரெஞ்சு அளவுமுறையில் 6a ஏறியவருக்கு அங்கே 5.10a ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆனால் முதல் வாரம் உங்கள் திறமைக்கு இரண்டு படி கீழேயே ஏறுங்கள். கயிற்றை மாட்ட வெடிப்புக்குள் செருகும் கருவிகளான கேமும் நட்டும் சொந்தமாக வைத்து ஏறிப் பழக்கம் இல்லையென்றால் பெரிய சுவர்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போங்கள்; காசு சற்று அதிகம்தான், ஆனால் அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன். பிளாக் வெல்வெட் போன்ற பள்ளத்தாக்குகளில் சில சுவர்கள் 600 மீட்டர் வரை உயரும். ஏறி முடித்தபின் நடந்தும் கயிற்றில் வழிந்தும் இறங்கும் வழி, ஏறிய வழியைவிடக் குழப்பமாக இருக்கும். களைத்த கால், மங்கும் வெளிச்சம், முன்பின் தெரியாத ஓடைச்சரிவு மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேரும். மேலே போகும் வழியைப் படிப்பதைவிட இரண்டு மடங்கு நேரத்தை இறங்கும் வழியைப் படிப்பதில் செலவிடுங்கள். தலைவிளக்கு இல்லாமல் தரையை விட்டுக் காலைத் தூக்காதீர்கள்.

அனுமதி விஷயத்தை அண்ணனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ரெட் ராக்கின் 21 கிலோமீட்டர் ஒருவழிச் சாலைக்குள் அக்டோபர் 1 முதல் மே 31 வரை காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் நுழைய முன்பதிவு வேண்டும். சாலை காலை 6 மணிக்குத் திறக்கிறது. 8 மணிக்கு முன் நுழைந்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை, ஏறுபவர்களுக்கு அதுவே சரியான நேரமும்கூட. மாலையில் மார்ச் மாதத்தில் 7 மணிக்கும் ஏப்ரலில் 8 மணிக்கும் மூடிவிடுவார்கள். நீண்ட வழிகளுக்குத் தாமதமாக வெளியேறத் தனி அனுமதி பெறலாம். ஸையானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான பாறைமுதுகில் சங்கிலியைப் பிடித்து ஏறும் பாதைக்கு 2022 ஏப்ரல் 1 முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு தருகிறார்கள்.

அடுத்தது பள்ளத்தாக்குக்குள் வரும் தண்ணீர். இதைப் புரிந்துகொள்ள மதுரைக்காரருக்கு வேறு பாடம் தேவையில்லை, வைகையே போதும். ஊரில் ஒரு சொட்டு மழை இருக்காது. ஆற்றில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். வருசநாட்டு மலையில் பெய்த மழை மூல வைகையில் இறங்கி, அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை போகும்; 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. நமக்கு நடுவில் ஓர் அணை இருக்கிறது, அறிவிக்க ஆள் இருக்கிறார்கள், ஆறும் அகலமாக இருக்கிறது. அந்த ஆற்றை இரண்டு ஆள் அகலத்துக்குச் சுருக்கி, இரு புறமும் ஏற முடியாத வழவழப்பான சுவர்களை எழுப்பி, அணையையும் எச்சரிக்கையையும் நீக்கிவிட்டு நினைத்துப் பாருங்கள். அதுதான் பாலைநிலத்தின் பிளவுப் பள்ளத்தாக்கு. அங்கே மண் குறைவு, மரம் குறைவு. மலைமேல் விழுந்த மழையை உறிஞ்சிவைத்துக்கொள்ள ஏதுமில்லாமல் அத்தனையும் பாறைமேல் ஓடி ஒரே பிளவுக்குள் வந்து கொட்டுகிறது.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கில் இப்படி வந்த வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லை என்றே சொல்லலாம். பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த இடிமழைதான் வந்தது. நீங்கள் போகும் ஸையானிலேயே 2015 செப்டம்பர் 14 அன்று கீஹோல் பள்ளத்தாக்கில் ஏழு பேர் இறந்தார்கள். இவை கோடைப் பருவமழைக் காலத்து நிகழ்ச்சிகள். ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் இந்த ஆபத்து உச்சத்தில் இருக்கும். வசந்தத்தில் அது குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. அதோடு வசந்தத்துக்கே உரிய இன்னொரு வெள்ளம் சேர்ந்துகொள்கிறது. மேல்மலைகளில் குளிர்காலத்தில் விழுந்த பனி உருகி, வர்ஜின் ஆற்றில் இறங்குகிறது. ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடக்கும் நாரோஸ் என்ற குறுகிய பாதையை, நீர்வரத்து விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுகிறார்கள். நம் செய்தித்தாள்களில் ஆயிரக்கணக்கான கன அடிகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு 150 அற்பமாகத் தோன்றும். சில இடங்களில் ஆறு மீட்டர் அகலமே உள்ள இடுக்கில், பனி உருகி வரும் தண்ணீரில், இடுப்பளவு ஆழத்தில் நின்று பார்த்தால் அந்த எண்ணின் வலு தெரியும். பனி நிறைய விழுந்த ஆண்டுகளில் பங்குனி, சித்திரை முழுவதும் அது மூடியே கிடக்கும். ஆகவே நாரோஸை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். திறந்திருந்தால் போய் வாருங்கள்.

வேறு எந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் நுழைவதானாலும், அன்று காலை அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் வானிலை அறிக்கையைப் பாருங்கள். உங்கள் தலைக்கு மேலுள்ள வானம் தெளிவாக இருப்பது போதாது. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, தொலைவில் இரைச்சல் கேட்டாலோ கீழே ஓட வேண்டாம், பக்கத்தில் உள்ள மேட்டில் ஏறுங்கள். பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை அருவியில் குளித்த பெரியவர்கள், தண்ணீரில் சருகு வந்ததும் பிள்ளைகளைக் கரைக்கு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொடைக்கானல் மலையில் மழை என்பது அவர்களுக்கு அந்தச் சருகிலிருந்தே தெரியும். அந்த அறிவு அங்கேயும் அப்படியே செல்லும்.

நடப்பதற்கு ரெட் ராக்கில் எனக்கு மிகவும் பிடித்தது கலிக்கோ டேங்க்ஸ் என்ற சிறிய பாதை. போய்வர நான்கு கிலோமீட்டர் இருக்கும். முடிவில் பாறைக்குழிக்குள் மழைநீர் தேங்கிய ஒரு சுனை. சமணர் மலையில் கல்லுக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த இடம் ஊரை நினைவூட்டும். அதில் கைகால் கழுவாதீர்கள். பெருங்கொம்பு ஆடுகளும் பறவைகளும் குடிக்கும் தண்ணீர் அது. பாதையை விட்டு விலகும்போது, புற்றுமண் போலக் கருத்துப் பொருபொருவென்றிருக்கும் தரையை மிதிக்காதீர்கள். நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. ஒரு காலடி பட்டு உடைந்தால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். சோயா (cholla) என்றொரு கள்ளி இருக்கிறது, லேசாக உரசினாலே தண்டோடு ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். பையில் ஒரு சீப்பை வைத்திருந்து அதனால் நெம்பி எறியுங்கள். ஸையானில் மார்ச் முதல் சில செங்குத்துச் சுவர்களைப் பொரி வல்லூறு கூடுகட்டுவதற்காக மூடிவைப்பார்கள். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் வாழ்வதால் 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குப் பக்கத்திலிருந்து போகிறவர் நீங்கள். அந்தத் தடைப்பலகையின் நியாயம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பாறையில் அந்த நிலத்தின் பழங்குடிகள் தீட்டிய, செதுக்கிய உருவங்களையும் காண்பீர்கள். நம் சமணர் படுக்கைகளுக்கும் தமிழி எழுத்துக்கும் மேலே கயிறு போட எப்படி மனம் வராதோ, அதே மரியாதையோடு தள்ளி நில்லுங்கள். விரல் பட்டாலும் எண்ணெய் ஏறிக் கெடும்.

கடைசியாக ஒன்று. 2003 ஏப்ரல் 26 அன்று ஏரன் ரால்ஸ்டன் என்ற தேர்ந்த மலையேறுநர் யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார். சுமார் 360 கிலோ எடையுள்ள ஒரு பாறை நகர்ந்து அவருடைய வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே நின்று, கடைசியில் மழுங்கிய சிறு கத்தியால் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குத் திறமை இருந்தது, உடல் வலு இருந்தது. எங்கே போகிறார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் தேடத் தொடங்குவதற்கே நாட்கள் ஆயின. பெரும்பாலான பள்ளத்தாக்குகளுக்குள் செல்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகையால் ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் ஒரு தாளில் கையால் எழுதி அண்ணன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். எந்தப் பள்ளத்தாக்கு, எந்தச் சுவர், எந்த வழி, கார் எங்கே நிற்கும், கூட வருபவர் யார், என்ன நிறச் சட்டை, எந்த வழியாக இறங்குவீர்கள், எத்தனை மணிக்குள் பேசுவீர்கள். கடைசி வரியாக, இரவு 9 மணி வரை என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டால் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து இந்தத் தாளைப் படித்துச் சொல்லவும் என்று எழுதுங்கள். அண்ணன் அதைப் படித்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுப் படியிறங்குங்கள்.